அரசு இணைய இணைப்பு: உங்கள் வீடு வரைக்கும் வந்ததா?

(தேனி மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து)

மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் (இணையம் வரும் கண்ணாடி இழைக் கேபிள்) வந்து நாளாகிறது, ஆனால் சேவை மையக் கட்டடத்தைத் தாண்டி ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அங்கே சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கிறது, கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஊராட்சிச் செயலர் வீட்டு வரி ரசீது போடவே தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்புகிறார்.

ஆத்திரம் எங்கே வருகிறது என்றால், இது சும்மா வந்த பணம் இல்லை. கிராமப்புறத்துக்கென்று எல்லாத் தொலைத்தொடர்பு கம்பெனிகளும் வருவாயில் 5 சதவீதத்தை அரசு நிதி ஒன்றில் கட்டுகின்றன. 2011-ல் அனுமதி கிடைத்து 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறிய இந்தத் திட்டத்துக்கு அந்த நிதியிலிருந்துதான் பணம், அதாவது நாம் செய்யும் ரீசார்ஜில் ஒரு பங்கு. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைப்பதாகக் கணக்கு. முதலில் போட்ட கணக்கு ஊராட்சி வரைக்கும்தான், அங்கிருந்து வீட்டுக்கு யார் இழுப்பது? வீட்டு இணைப்பு கிடைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாதம் எவ்வளவு ஆகிறது, பழுதானால் யார் வருகிறார்கள்?

(குமுளியில் வேலை, வீடு கம்பத்தில்)

நான் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி வீட்டில் கே-ஃபோன் என்ற ஃபைபர் இணைய இணைப்பு இருக்கிறது. கேரள அரசின் சொந்த நிறுவனம், 2023 ஜூனில் தொடங்கினார்கள். தொடங்கும்போது ஆகக் குறைந்த திட்டம் மாதம் 299 ரூபாய், ஜிஎஸ்டி தனி, 20 எம்பிபிஎஸ் வேகம், 3000 ஜிபி. அடுத்த வருஷம் ஜூலையில் தனியார் மொபைல் கட்டணங்கள் ஏறியபோது என் 239 ரூபாய் ரீசார்ஜும் அதே 299-க்கு வந்து நின்றது. அதில் 28 நாளைக்குத் தினம் ஒன்றரை ஜிபி, கூட்டினால் 42. மொபைலைக் கையோடு எடுத்துப் போகலாம், அது நியாயம்தான், ஆனால் இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஒன்றரை ஜிபி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஆனால் அங்கேயும் எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றார்கள், முதல் கட்டத்தில் எடுத்தது சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு வீதம் 14,000. எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு ரேஷன் கார்டே தமிழ்நாட்டில் இருக்கிறது. அப்புறம் எந்தப் பட்டியலில் பெயர் வரும்?

(மெல்பர்ன்)

இங்கே ஆஸ்திரேலியாவில் வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் என்பிஎன் நிறுவனம் முழுக்க அரசுடையது. ஆனால் நமக்கு நேரடியாக விற்காது, கம்பெனிகளுக்கு மொத்த விலைக்குக் கொடுக்கும், பில் அந்தக் கம்பெனிகளிடமிருந்து வரும். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று மொத்த விலையை வைத்தால் அரசுக் கம்பியும் மலிவாக இருக்காது. 2009-ல் 90 சதவீத இடங்களுக்கு ஃபைபர் என்று அறிவித்தார்கள். 2013-ல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கிறோம் என்று பல தெருக்களில் பெட்டி வரைக்கும் மட்டும் ஃபைபர், அங்கிருந்து பழைய செப்புக் கம்பி. இப்போது அதே தெருக்களில் மறுபடி ஃபைபர் இழுக்கிறார்கள், இரட்டைச் செலவு. உருப்படியாகச் செய்த ஒன்று என்றால், வீட்டில் இணையம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளின் 30,000 குடும்பங்கள் வரைக்கும் இலவச இணைப்பு என்று கொண்டுவந்த திட்டம்.

(கேபிள் ஆபரேட்டர், மதுரைப் பக்கம்)

அண்ணே, வீடு வரைக்கும் இழுப்பது எங்களை மாதிரி ஆட்கள்தான். அரசு இணைப்பானாலும் தனியாரானாலும் மாதக் கட்டணத்தில் எங்களுக்கு ஒரு பங்கு, அதில்தான் கேபிள், ஆள் கூலி, ஃபைபர் ஒட்டுகிற மெஷின் எல்லாம். அணில் கடிக்கும், ரோடு போடுகிறேன் என்று ஜேசிபி தோண்டும், ராத்திரி பத்து மணிக்கு "நெட் வரலை" என்று போன் வரும். தெருவில் வரிசையாகப் பத்து வீடு கேட்டால் கட்டுப்படியாகும். தோப்புக்குள் தள்ளி இருக்கும் ஒற்றை வீட்டுக்கு முன்னூறு மீட்டர் இழுத்துவிட்டு மாதம் முன்னூறு, நானூறு ரூபாய் கட்டணத்தில் பங்கு வாங்கினால் எத்தனை வருஷத்துக்கு அந்தக் கேபிள் காசு வரும், நீங்களே சொல்லுங்கள். அந்தத் துண்டுக்கு அரசு பணம் கொடுத்தால் நாளைக்கே இழுத்துத் தருகிறேன். கே-ஃபோனுக்கு ஒரு வசதி, அதில் 49 சதவீதம் கேரள மின்வாரியத்துக்குச் சொந்தம், கேபிள் கட்டுகிற கரண்ட் போஸ்ட்டும் அவர்களுடையது. நாங்கள் ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் யாரிடமாவது நிற்கவேண்டும்.

உங்கள் ஊர்ப் பெட்டியில் கரண்ட் இருக்கும்போது எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று அர்த்தம்) என்று எழுதிய லைட் சிவப்பாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் வழியில் எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், பேட்டரி வாங்கிப் பிரயோஜனம் இல்லை. மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றினாலே பாதி வேலை முடியும். ஊராட்சி நிதியிலிருந்து வாங்க முடியுமா என்று அக்டோபர் 2 கிராம சபையில் எழுதிக் கொடுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் நடக்காது.