மழைக்கும் மலைக்கும் ஒரே அடுப்பு போதுமா?

ஊத்தங்கரை வாசி:
2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் போய்விட்டது, அன்று காலையில்தான் சிலிண்டரும் தீர்ந்திருந்தது. இன்டக்ஷன் இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிட்டோம். இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தால் கத்திவிட்டு அணைந்தது. குழந்தைக்குப் பால் காய்ச்சப் பக்கத்து வீட்டுக்குச் சொம்போடு ஓடினேன்.

இப்போது ஒரு போர்ட்டபிள் அடுப்பு வாங்கப் போகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களோடு வத்தல்மலை, ஏற்காடு என்று கூடாரம் போடுவதும் உண்டு. இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

ஓசூர் ரைடர்:
யோசிக்கவே வேண்டாம் அண்ணா. சூட்கேஸ் மாதிரி பெட்டியோடு வருகிற பியூட்டேன் கேன் அடுப்பு. நான்கு வருடமாக என் வண்டிப் பையில் இருப்பது அதுதான். பற்றவைக்க லைட்டர்கூட வேண்டாம். ஒரு கேனில் 220, 230 கிராம் கேஸ் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 15 முதல் 20 கிராம் போகும். காற்று அடித்தால் கொஞ்சம் கூட. எப்படிப் பார்த்தாலும் கேனுக்குப் பத்து லிட்டர். இரண்டு கேன் வீட்டில், இரண்டு வண்டியில். முடிந்தது கதை.

அரூர் அக்கா:
தம்பி, புயல் நாளில் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வீர்களா? முழுத் தீயில் வைத்தால் உங்கள் கேன் ஒன்றேகால் மணி நேரம் வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் சோறு, குழம்பு, பால் என்று போனால் இரண்டு கேன் ஒரு நாளைக்கே காணாது. அன்றைக்கு அரூரிலும் 33 சென்டிமீட்டர். கடையே திறக்காத நாளில் கேனுக்கு எங்கே போவது?

5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். இந்தியன் ஆயில் அதற்கு 'சோட்டு' என்று பேர் வைத்திருக்கிறது. கேன் கணக்கில் சொன்னால் 21 கேனுக்கு மேல். ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றை அதற்கென்று பரணில் போட்டு வைத்தால் ஆயிற்று.

அப்புறம் களி. என் மாமியார் கேழ்வரகுக் களி கிண்டும்போது வந்து பாருங்கள். மாவு வெந்து இறுக ஆரம்பித்ததும் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு பாரம் முழுவதையும் அதில் போடுவார். குண்டான் சுற்றாமல் இருக்க எதிரே ஒருவர் துணியால் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். அந்தத் தகரப் பெட்டி தாங்குமா?

ஓசூர் ரைடர்:
மலைக்குப் போய் யாரக்கா களி கிண்டுவது? நாங்கள் போடுவது நூடுல்ஸும் முட்டையும். நீங்கள் சொல்கிற சிலிண்டரில் கேஸ்தான் 5 கிலோ, இரும்பு எடை தனி. அதைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு வத்தல்மலை வளைவுகளில் ஒருமுறை ஏறிக் காட்டுங்கள், நான் தோற்றேன் என்று எழுதித் தருகிறேன்.

பம்பு ஸ்டவ்:
மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. பின் போட்டுக் குத்தி, நாலு பம்பு அடித்தால் என்ன சத்தம், என்ன தீ!

அரூர் அக்கா:
ஸ்டவ் இருக்கிறது, சரி. எண்ணெய் எங்கே இருக்கிறது அண்ணா?

காவேரிப்பட்டணம் சமையல்:
கல்யாணச் சமையல் வேலை எனக்கு. இரண்டு பேரும் அடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், மேலே வைக்கிற பாத்திரத்தை விட்டுவிட்டீர்கள். கேன் அடுப்பில் கேன் இருக்கும் அறை பர்னருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வீட்டு இரும்புத் தோசைக்கல் அந்த மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கல் காயக் காயச் சூடு அப்படியே கேன் மேல் இறங்கும். போன வருடம் என் தம்பி வீட்டு மொட்டைமாடியில் பார்த்தேன். ஏழெட்டு தோசை ஆனதும் படக்கென்று ஒரு சத்தம், தீ அணைந்துவிட்டது. அழுத்தம் கூடினால் கேன் தானே கழன்றுகொள்ளும் வகை அது, பிழைத்தார்கள். மூடியைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவு அடுப்பாக இருந்தால் கேன் வெடித்திருக்கும்.

இன்னொன்று. கேன் கழுத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது மேலே பார்த்தபடி மாட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் குழாய் ஆவியை மட்டும் எடுக்கும். மாறினால் திரவமாகவே வந்து தீ குபீரென்று எழும்பும்.

ஓசூர் ரைடர்:
தோசைக்கல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நான் சின்ன வாணலிதான் வைப்பேன், அதனால் பட்டதில்லை.

ராயக்கோட்டை தக்காளி:
கேன் தீர்ந்தால் வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ள ஒரு வால்வு விற்கிறார்கள். பாதிச் செலவு மிச்சம்.

காவேரிப்பட்டணம் சமையல்:
ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள். கேன் மெல்லிய தகரம், பியூட்டேனை நம்பிச் செய்தது. வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் கொதிப்பது 0 டிகிரியை ஒட்டி, புரொப்பேன் மைனஸ் 42-ல். 40 டிகிரி வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மே மாதம் மூடிய காருக்குள் அந்தக் கேனை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருவீர்களா? மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஊத்தங்கரை வாசி:
குளிரில் கேன் வேலை செய்யாது என்கிறார்களே?

ஓசூர் ரைடர்:
இமயமலைக்குப் போனால் அந்தக் கவலை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் வத்தல்மலையில் விடியற்காலை டீ போடும்போது தீ மங்கிக்கொண்டே போனது. கேஸ் ஆவியாக ஆவியாகக் கேனே குளிர்ந்துவிடும், வெளியே வேர்த்திருந்தது. கேனை மாற்றிவிட்டு, பழையதை ஜெர்கினுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். அரை மணியில் சரியாகிவிட்டது. நெருப்பிலோ வெந்நீரிலோ காட்டிச் சூடாக்காதீர்கள்.

அரூர் அக்கா:
பார்த்தீர்களா, கேனைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் தூங்கப்பண்ண வேண்டியிருக்கிறது!

ஓசூர் ரைடர்:
கொட்டுகிற மழையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஹாலில் சிலிண்டர் வைப்பது மட்டும் பத்திரமா அக்கா? கசிந்தால் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தங்கும்.

அரூர் அக்கா:
வாசனை வரும், தெரியும். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். வாசற்கதவைத் திறந்து வைத்துத்தான் சமைப்பேன். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேருகிற, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கூடாரத்துக்குள் ஜிப்பை இழுத்துவிட்டு அடுப்பு பற்றவைப்பது உங்கள் கூட்டம்தான். கும்முட்டி அடுப்பில் கரி போட்டு உள்ளே வைத்தாலும் அதே கதி.

காவேரிப்பட்டணம் சமையல்:
எந்த அடுப்பானாலும் ரயிலில் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சமையல் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும் வனச் சட்டப்படி குற்றம். அடுப்பு சின்னது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஊத்தங்கரை வாசி:
எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்கு 5 கிலோ சிலிண்டர் வாங்குவதாக முடிவு. மழை வருடா வருடம் வரும், மலைக்கு நான் போவது மூன்று நாள்.

ஓசூர் ரைடர்:
அக்கா பேச்சைக் கேட்டுவிட்டீர்கள், சரி. அந்த மூன்று நாளும் என்ன செய்வீர்கள்?

ஊத்தங்கரை வாசி:
உங்கள் வண்டிப் பையில்தான் ஒன்று இருக்கிறதே தம்பி. ஜனவரியில் வத்தல்மலைக்குச் சேர்ந்தே போவோம்.

ஓசூர் ரைடர்:
வாருங்கள். கேன் உங்கள் செலவு. தோசைக்கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.