நார்ஃபோக் பாட்டியும் 1939 பதிவேடும்

இங்கிலாந்தின் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களைச் சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் சந்தித்தவர் ஒருவர்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், காலையும் மாலையுமாக ஒன்றரை ஆண்டு சந்தித்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் செவிலியராக இருந்தேன். இப்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் நார்ஃபோக்கில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. எழுப்புவது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, தேநீர் போடுவது எல்லாம் ஒரு வீட்டுக்கு முப்பது நிமிடத்தில் முடிய வேண்டும். இந்தப் பாட்டிக்கு 93 வயது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு நா எழவில்லை. முதல் வாரம் முழுவதும் எப்படியும் கூப்பிடாமலே ஒப்பேற்றினேன். அவருக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. முதல் நாளே என்னை "மாதர்" என்று கூப்பிட்டார். அம்மா என்கிறாரோ, நினைவு பிசகிவிட்டதோ என்று பயந்து குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்தேன். அதைப் படித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். நார்ஃபோக் பேச்சில் அதற்குச் சிறுமி, இளம்பெண் என்று பொருளாம். நம் மாதர் சங்கத்து மாதர்தான்! நாற்பத்தொரு வயதில் என்னைச் சிறுமி என்று கூப்பிட இந்த ஊரில் ஓர் ஆள் இருக்கிறார்.

நெருக்கம் உண்டானது ஒரு நத்தையால். மழை பெய்த காலையில் வாசற்படியில் கிடந்த நத்தையை ஓரமாக எடுத்துவிட்டு உள்ளே வந்தேன். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "டாட்மனை மிதிக்காமல் வந்தாயே, நல்ல பிள்ளை" என்றார். நத்தை அவருக்கு டாட்மன். பொறிவண்டு, பிஷி பார்னபி. அரட்டைக்கு மார்டில் என்று பெயர். பள்ளியில் இப்படிப் பேசினால் ஆசிரியை திருத்துவாராம். வீட்டில் ஆசிரியை மாதிரிப் பேசினால் அண்ணன்கள் கேலி செய்வார்களாம். இந்த ஊரில் பெயர்ப்பலகையை நம்பியும் வாய் திறக்க முடியாது. ஹாப்பிஸ்பர்க் என்று எழுத்துக்கூட்டிப் பேருந்தில் டிக்கெட் கேட்டேன். ஓட்டுநர் யோசித்துவிட்டு, "ஹேஸ்ப்ராவா?" என்றார்.

பாட்டி பிறந்தது 1931இல், கிரேட் யார்மத் துறைமுகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில். அப்பா பண்ணையில் குதிரைக்காரர். சஃபோக் பஞ்ச் என்னும் செம்பழுப்பு நிற உழவுக் குதிரைகள். விடியுமுன் லாயத்துக்குப் போய் அவற்றுக்குத் தீனி வைத்த பிறகுதான் அவருக்குக் காலை உணவு. சக்கிமுக்கிக் கல்லில் கட்டிய வீடு, கிணற்றுத் தண்ணீர், தோட்டத்துக் கோடியில் கழிப்பறை. திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். சனிக்கிழமை இரவு அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியைப் போட்டு எல்லோருக்கும் குளியல். ஒரே தண்ணீர்தான், கடைக்குட்டி முதலில், அப்பா கடைசியில். இப்போது ஷவருக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்து நான் குளிப்பாட்டும்போதெல்லாம், "எனக்கே எனக்கென்று ஒரு தண்ணீர்!" என்று ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

அறுவடை பற்றிக் கேட்டால் கண் மின்னும். கோதுமையைச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே வந்தால் நடுவில் ஒரு திட்டு மிஞ்சும். வயலில் இருந்த முயல்கள் அத்தனையும் அதற்குள் ஒடுங்கியிருக்கும். கடைசிச் சுற்றில் அவை சிதறி ஓட, பையன்கள் தடியோடு காத்திருப்பார்கள். அன்று ஊரெல்லாம் முயல் குழம்பு மணக்கும்.

அவருடைய அம்மாவைப் பற்றிய பேச்சு வேறு மாதிரி. குளிர்காலத்தில் அம்மா பீட் பிடுங்கப் போவார். நம் ஊர்ச் சிவப்புக் கிழங்கு அல்ல, சர்க்கரை எடுக்கும் வெள்ளைக் கிழங்கு. உறைந்த மண்ணிலிருந்து கைக்கு ஒன்றாகப் பிடுங்கி, இரண்டையும் மோதிச் சேற்றை உதிர்த்து, வரிசையாகப் போட்டு, பிறகு கொக்கி அரிவாளால் தலையைச் சீவ வேண்டும். எப்படி மோதுவது என்று காட்டுவதற்காகப் பாட்டி இரண்டு தேநீர்க் கோப்பைகளைக் கையில் எடுத்துவிட்டார். பிடுங்கிவிட்டு இரண்டு உருளைக்கிழங்கைக் கொடுத்தேன். மணிக்கட்டை லேசாகத் திருப்பி, ஒரே தட்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்துப் படித்ததைக் கை மறக்கவில்லை. அந்தக் கிழங்கெல்லாம் போன கான்ட்லி ஆலை 1912இல் தொடங்கியது. இன்றும் குளிர்காலத்தில் அதன் வெண்புகை பல மைல் தூரத்துக்குத் தெரியும்.

வீடு பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். அப்பாவுக்கு முதுகுவலி வந்த காலத்தில், பண்ணைக்காரர் எதிரில் வந்தாலே வேண்டுமென்று குனிந்து எதையாவது பொறுக்குவாராம், வலி இல்லை என்று காட்ட. இப்படிப்பட்ட குடும்பங்களைச் சட்டென்று வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்தது 1976இல்தான்.

இனிப் பதிவேடு. பாட்டியின் பேத்தி ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, குடும்ப வரலாறு தேடும் தளத்துக்குச் சந்தாவும் கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை நாள், மூவருமாக உட்கார்ந்தோம். இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை நூறு ஆண்டு பூட்டி வைக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல்தான் வெளிவந்தன. 1931இல் எடுத்தது 1942 டிசம்பர் தீ விபத்தில் எரிந்துபோனது. 1941இல் போர், எடுக்கவே இல்லை. ஆகவே இந்தத் தலைமுறைக்குக் கிடைப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு ஒன்றுதான். போர் தொடங்கி நான்காவது வாரம், அடையாள அட்டை கொடுப்பதற்காக வீடு வீடாக எழுதியது.

பக்கம் திறந்தது. அப்பா பெயர், பண்ணைக் குதிரைக்காரர், கடின உழைப்பாளி. அடுத்த வரி அம்மா: ஊதியமில்லா வீட்டுவேலை. இல்லத்தரசிகள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினார்களாம். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "ஊதியமில்லா என்பது சரி, குறைவாகத்தான் கொடுத்தார்கள். வீட்டுவேலை என்று எவன் எழுதினான்?"

அடுத்து அவருடைய வரி. அங்கே எழுத்தே இல்லை, நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களின் வரியை, இறந்துவிட்டார் என்று உறுதியாகும்வரை, இப்படி மறைத்து வைப்பார்கள். "எட்டு வயதில் எனக்கு என்ன பெரிய இரகசியம்?" என்று சிரித்தார்.

பட்டைக்குக் கீழே இன்னொரு வரி திறந்திருந்தது. குடும்பப் பெயர் வேறு. அதைப் பார்த்ததும் பாட்டியின் சிரிப்பு நின்றது. மாலைப் பணிக்கு நேரமாகிறது, பிறகு எழுதுகிறேன்.

* * *

லிங்கன்ஷயரிலிருந்து:

நான் சந்தித்த இங்கிலாந்துக் கிராமத்துப் பிள்ளை நானேதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்பா 1961இல் ஃபென் நிலப்பகுதியில் ஊர் மருத்துவராக வந்து சேர்ந்தார். சதுப்பை வடித்து எடுத்த கரிய மண், மேடு என்று சொல்ல ஒரு புற்றுகூட இல்லாத சமவெளி. அடுத்த ஆண்டே அந்தப் பெரிய குளிர். 1962 டிசம்பர் 26 அன்று விழத் தொடங்கிய பனி மார்ச் வரை கரையவில்லை. பள்ளியில் தரும் சின்னப் பால் போத்தல்கள் வாசலிலேயே உறைந்து, பால் வெள்ளைத் தூணாக எழும்பி, தலையில் வெள்ளித்தாள் மூடியைத் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டு நிற்கும். வெள்ளம் நின்ற வயல்கள் கண்ணாடியாக இறுகியதும் ஊரே சறுக்கப் போனது. நாங்கள் மட்டும் கம்பளிக்குள் இருந்து வேடிக்கை பார்த்தோம்.

நன்றிக்கடனைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். உருளைக்கிழங்கு மூட்டை வந்தபோது அம்மா மகிழ்ந்தார். ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் கைப்பிடியில் இரண்டு காட்டுக்கோழிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. அம்மா சுத்த சைவம்! அலறிய அலறலில் அப்பா பாதி சவரத்தோடு ஓடி வந்தார். இருட்டியதும் அவற்றை ரகசியமாகப் பக்கத்து வீட்டில் கொடுத்தோம். அந்த அம்மையார் பக்குவமாகச் சமைத்து, மறுநாள் நன்றியோடு எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பிவைத்தார்.

* * *

லெஸ்டரிலிருந்து:

"வேலை போனால் வீடும் போகும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் பாட்டி நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லயத்து அறையில் வாழ்ந்தவர். துரை வரும்போது இருமலை அடக்கிக்கொள்வாராம். வெள்ளைக்காரன் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருந்தது எனக்குப் புதுச் செய்தி. அது இருக்கட்டும் அக்கா, அந்தத் திறந்த வரி யாருடையது? இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாமா?

* * *

மன்னியுங்கள், இந்த வாரம் கூடுதல் பணி.

அந்த வரி, லண்டனை ஒட்டிய டாகெனம் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. லண்டனில் குண்டு விழும் என்று 1939 செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் மட்டும் சுமார் பதினைந்து லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். டாகெனம் பிள்ளைகள் வந்தது கப்பலில். தேம்ஸ் ஆற்றில் உல்லாசப் பயணம் போகும் துடுப்புச் சக்கரக் கப்பல்கள் அவர்களை ஏற்றிவந்து யார்மத்தில் இறக்கின. அங்கிருந்து கிராமங்களுக்குப் பிரித்தார்கள். பாட்டி வீட்டுக்கு வந்தவளுக்குப் பத்து வயது. ஒரே கட்டிலில், ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில். டாகெனம் பெண்ணுக்கு டாட்மனும் பிஷி பார்னபியும் இங்கே பழகின. பதிலுக்கு அவள், ஆரஞ்சுத் தோலில் பல் வெட்டி வாய்க்குள் வைத்து அண்ணன்களைப் பயமுறுத்தக் கற்றுக்கொடுத்தாள். 1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்தது. எதிரி கிழக்குக் கரையில்தான் இறங்குவான் என்று பேச்சு. பாதுகாப்புக்காக அனுப்பிய இடமே முன்வரிசை ஆகிவிட்டது. வந்த பிள்ளைகளை மறுபடி மேற்கே அனுப்பினார்கள். வேல்ஸிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "இங்கே எல்லாம் மலை, உனக்குப் பிடிக்காது" என்று எழுதியிருந்தாளாம். பிறகு ஒன்றும் இல்லை.

பதிவேட்டில் அவளுடைய குடும்பப் பெயரை அடித்துவிட்டு, மேலே பச்சை மையில் வேறொரு பெயர் எழுதியிருந்தது. இந்தப் பதிவேட்டைப் பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவை 1991 வரை பயன்படுத்தியது. திருமணமான பெண்களின் பெயரை அவ்வப்போது இப்படி மாற்றி எழுதினார்கள்.

"என்னை மறைத்திருக்கிறார்கள், அவள் மட்டும் ஏன் திறந்திருக்கிறாள்?" என்று பாட்டி கேட்டார்.

பேத்தி என்னைப் பார்த்தார், நான் பேத்தியைப் பார்த்தேன். மருத்துவமனையில் எத்தனையோ பேரிடம் சொன்ன செய்திதான். ஆனாலும் நேரம் பிடித்தது. சொன்னேன்.

பாட்டி தலையாட்டினார். வெகுநேரம் பேசவில்லை. பச்சை எழுத்தின் மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் திரையில் படம் பெரிதாகி அந்தப் பெயர் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. "கல்யாணம் ஆகியிருக்கிறது" என்றார். எந்த ஊருக்குப் போனாலும் தொலைபேசிப் புத்தகத்தில் அவளைப் பழைய பெயரிலேயே தேடினாராம்.

பேத்தி அந்தப் பக்கத்தை அச்சிட்டுத் தந்தார். பாட்டி பென்சில் கேட்டு, கறுப்புப் பட்டைக்குப் பக்கத்து ஓரத்தில் தன் பழைய பெயரை, கல்யாணத்துக்கு முந்திய பெயரை, சாய்வெழுத்தில் எழுதினார். தாள் இப்போது சமையலறையில் தேநீர் டப்பாவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. காலையில் டப்பாவை எடுத்தால் சரிந்து விழும். அதை எடுத்து நிமிர்த்திவிட்டுத்தான் கெட்டிலைப் போடுகிறேன்.