ஒரே மெயில்பாக்ஸ், மூன்று முகவரி: அலியாஸ் போதுமா?

இரவுப்பணி:
விற்பனை, கணக்கு, உதவி என மூன்று முகவரிக்கு வருவதும் என் ஒரே மெயில்பாக்ஸில்தான் விழுகிறது. எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகணும். மைக்ரோசாஃப்ட் 365. அலியாஸ் (அதே மெயில்பாக்ஸுக்கு வைக்கும் கூடுதல் முகவரி) போதுமா, ஷேர்ட் மெயில்பாக்ஸ் (பலர் சேர்ந்து பார்க்கும் தனி மெயில்பாக்ஸ்) வேண்டுமா?

குறுக்குவழி:
பார்ப்பது ஒரே ஆள்தானே? அலியாஸ் தாராளம். ஆனால் அலியாஸிலிருந்து அனுப்பும் வசதியை அட்மின் எக்ஸ்சேஞ்ச் (365-இன் மெயில் சேவை) செட்டிங்கில் ஆன் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஃப்ரமில் (அனுப்புநர் முகவரிக் கட்டத்தில்) எதைப் போட்டாலும் எதிரில் இருப்பவருக்கு உங்கள் முதன்மை முகவரிதான் தெரியும்.

பழைய அட்மின்:
நானும் இப்படித்தான் ஒரு இடத்தில் வைத்துக் கொடுத்தேன். கணக்கு பார்த்தவர் ஒருநாள் ஃப்ரமைக் கவனிக்காமல் சொந்த முகவரியிலிருந்தே இன்வாய்ஸை அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் அதையே பிடித்துக்கொண்டார். பாக்கி, திருத்தம் எல்லாம் நேரே அவருக்கு. அவர் வேலையை விட்டதும் அந்த மெயில்பாக்ஸைத் திறக்கவே ஆளில்லை. 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே ஷேர்ட் மெயில்பாக்ஸ் கிடைக்கிறது, எதற்கு இந்த வம்பு?

குறுக்குவழி:
அண்ணே, ஃப்ரமைப் பார்க்காதவருக்கு ஷேர்ட் கொடுத்தாலும் அதே கதைதான். அதுவுமில்லாமல் ஷேர்ட் பெயரில் அனுப்பியதன் நகல் அனுப்பியவருடைய சென்ட் ஐட்டம்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். பதில் போனது தெரியாமல் பக்கத்து சீட்காரரும் ஒரு பதில் போடுவார். அசிங்கம்.

பழைய அட்மின்:
நகல் ஷேர்டிலும் விழ ஒரு செட்டிங் இருக்கிறது தம்பி, போட்டால் தீர்ந்தது. உரிமை கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். ‘சென்ட் ஆஸ்’ கொடுத்தால் கணக்குப் பிரிவின் பெயர் மட்டும் போகும். ‘சென்ட் ஆன் பிஹாஃப்’ கொடுத்தால் அதன் சார்பில் இன்னார் என்று உங்கள் பெயரும் சேர்ந்து தெரியும்.

தபால்பெட்டி:
இடையில் ஒன்று. மூன்றில் ஏதாவது வேறு டொமைன் (முகவரியில் @-க்குப் பின் வரும் பகுதி) என்றால் அதற்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனுடையதுதான் என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் சண்டை போட்டு முடிவெடுத்த மெயில் ஸ்பாமில் கிடக்கும்.

இரவுப்பணி:
எல்லாம் ஒரே டொமைன்தான். நான் விடுப்பில் போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியது உதவி முகவரி மட்டுமே. அதை ஷேர்டாக மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அலியாஸாகவே வைத்துக்கொள்கிறேன்.

குறுக்குவழி:
சரி. பழைய அலியாஸை நீக்கினால்தான் அதே முகவரியை ஷேர்டுக்குக் கொடுக்க முடியும். நடுவில் வரும் மெயில் திரும்பிப் போய்விடலாம், அதனால் ஆபீஸ் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

பழைய அட்மின்:
இதில் மட்டும் தம்பியோடு ஒத்துப்போகிறேன்.