பத்தாங்காலி: சுட்டவர்கள் 1970-ல் வாய் திறந்ததால் யாருக்கு என்ன பயன்?

பால்வாளி: 11, 12 டிசம்பர் 1948. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயா. நம்ம பத்தாங்காலி டவுன் பக்கம் சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படை 24 சீன ஆண்களைச் சுட்டது. அந்தப் படையில் இருந்த சிலர் ஊர் திரும்பி, 21 வருசம் கழித்து, 1970 பிப்ரவரியில் லண்டன் ஞாயிறு பத்திரிகையிடம், தப்பி ஓடாதவர்களைத்தான் சுட்டோம் என்று உண்மையைச் சொன்னார்கள். அவர்கள் பேசியதை இங்கே சிலர் வீரம் என்கிறீர்களே! வியட்நாமில் அமெரிக்கப் படை ஊர் மக்களைக் கொன்ற மைலாய் விஷயம் 1969 நவம்பரில் அம்பலமான பிறகுதானே இவர்களுக்கு நாக்கு வந்தது?

கொங்சிவீடு: அண்ணே, லேட்தான். ஆனால் அவர்கள் பேசும்வரை அரசாங்கக் கணக்கு என்ன? "தப்பி ஓடினார்கள், சுட்டோம்." அத்தனை பேர் ஓடியும் காயத்தோடு பிழைத்தவர் ஒருவர்கூட இல்லையாம்! 1949 ஜனவரியில் மலாயாவின் அவசரகால விதிகளில் 27ஏ என்ற புது விதி சேர்ந்தது: தப்பி ஓடுபவரைச் சுடலாம், முன்பு சுட்டதும் செல்லும். சுடும் முன் லோரியில் ஏற்றி அனுப்பப்பட்ட பெண்கள் சொன்னது எடுபடவில்லை. சுட்டவன் சொன்ன பிறகுதான் லண்டன் காது கொடுத்தது. அசிங்கம்தான், ஆனால் நடந்தது அது.

சட்டப்புள்ளி: பேட்டி வேறு, சத்தியப்பிரமாணம் வேறு. இவர்கள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி போலிஸ் விசாரணைக்கு உத்தரவிட்டார். நீங்கள் சொல்வது உங்களுக்கே எதிராகப் பயன்படலாம் என்று எச்சரித்துக் கேட்டபோதும் சிலர் அதே வார்த்தையில் நின்றார்கள். தன் கழுத்துக்கே கயிறு என்று தெரிந்தும் சொன்னது. படையில் வேறு சிலர் மறுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். யார் சொல்வது உண்மை என்று சரிபார்க்கத்தான் போலிஸ் இங்கே வந்து, பிழைத்தவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. 1970 ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது, ஃபைல் மூடப்பட்டது, பயணமும் நடக்கவில்லை. கோளாறு அங்கேதான், சிப்பாய்களிடம் இல்லை.

பால்வாளி: கடைசியில் பூஜ்யம்தானே லா? வியட்நாம் போருக்குப் போய் வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பாருங்கள். 1971-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, டெட்ராய்ட் நகரில் நூறு பேருக்கு மேல், அங்கே நடந்த போர்க்குற்றங்களைப் பற்றிப் பேசினார்கள். ஏப்ரலில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டல் முன் வேலிக்கு மேல் பதக்கங்களை வீசினார்கள். அது துணிச்சல்.

சட்டப்புள்ளி: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெட்ராய்ட்டில் இன்னார் செய்தார் என்று பெயர் சொல்வதில்லை என முடிவெடுத்திருந்தார்கள். பழி கீழ்மட்டச் சிப்பாய் தலையில் விடியக் கூடாது, கொள்கை வகுத்தவர்களைக் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். போரை நிறுத்த அது சரி. ஆனால் பெயரில்லாத குற்றச்சாட்டை வைத்து வழக்குப் போட முடியாது. படையில் இருந்ததை நிரூபிக்க விடுவிப்புச் சான்றிதழ் காட்டினார்கள். அது ஆளைத்தான் நிரூபிக்கும், சம்பவத்தை அல்ல.

கொங்சிவீடு: பூஜ்யமும் இல்லை. 2015-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் விசாரணை கேட்ட குடும்பங்களின் மனுவை 4-க்கு 1 என்று தள்ளியது. காலம் கடந்துவிட்டது என்றுதான் தள்ளினார்கள், 1948 கதை உண்மை என்று ஏற்று அல்ல. சிப்பாய்கள் வாய் திறக்காவிட்டால் கேஸ் அவ்வளவு தூரம் போயிருக்குமா?

பால்வாளி: காலம் கடந்ததற்கு முதல் 21 வருசம் அவர்கள் கணக்கில்தானே வரும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.