கலைச்சொல் தேவை: மதப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறுவதை என்னவென்று சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

> 'எழுத்து மாற்றம்' என்று போட்டுவிட்டுப் போகலாமே?

போகலாம்தான். ஆனால் மூன்று வேறு சங்கதிகளை அது ஒரே சாக்கில் கட்டிவிடும்.

குர்ஆனைப் பாருங்கள். 1649இல் லண்டனில் வந்த ஆங்கிலப் பெயர்ப்பின் தலைப்பு 'தி அல்கோரான் ஆஃப் மஹோமெட்'. அரபியில் 'அல்' என்பதே ஆங்கில 'தி'யின் வேலையைச் செய்கிறது. அதன் தலையில் இன்னொரு 'தி'. நம்மூர் 'கேட்டுக் கதவு' கதைதான். 1734இல் ஜார்ஜ் சேல் பெயர்த்தபோது 'கோரான்' என்பதை முன்னே வைத்தார், 'அல்கோரான்' என்று பொதுவாக அழைக்கப்படுவது என விளக்கமும் சேர்த்தார். மஹோமெட்டும் 'மொஹம்மெட்' ஆனார். அப்புறம் கே போய் கியூ வந்தது. ஒவ்வொரு படியிலும் எழுத்து அரபு ஒலியை நோக்கி நகர்கிறது. இரட்டை ஓ போட்ட 'ஹிந்தூ', ஒற்றை யூவுக்கு வந்ததும் இந்த வகைதான்.

இயேசுவின் பெயர் இதற்கு நேர்மாறு. 1611 பைபிளில் அவர் பெயர் 'ஐ' எழுத்தில்தான் தொடங்குகிறது. பிறகு 'ஜே' ஆனது ஆங்கில எழுத்து வழக்கு மாறியதால். எபிரேய ஒலியிலிருந்து அது இன்னும் விலகித்தான் போனது. இதை 'வழக்குத் திரிபு' என்று தனியே வைக்கலாம்.

'முகமதன்' போய் 'முஸ்லிம்' வந்தது எழுத்து விவகாரமே இல்லை, பெயரே வேறு. கிறிஸ்துவை வைத்துக் கிறிஸ்தவர் போல நபியை வைத்து ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. நபியை வணங்குகிறவர்கள் என்ற பொருள் தொனித்ததால் முஸ்லிம்கள் பலர் மறுத்தார்கள். ஆனால் எல்லாரும் எப்போதும் மறுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சர் சையது அகமது கான் அலிகாரில் நிறுவிய கல்லூரியின் பெயரிலேயே 'முகமதன்' இருந்தது. 1920இல் பல்கலைக்கழகமானபோதுதான் அங்கே 'முஸ்லிம்' வந்தது. இந்த வகைக்கு 'பிறரிடு பெயர்' சரியாக வரும். இடுகுறிப்பெயர் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

ஆக, சொல் இல்லாதது முதல் வகைக்கு மட்டும்தான். என் பரிந்துரை: தாயொலித் திருத்தம்.

*

> தாயொலித் திருத்தம்

ஐயா, 'மூலமீட்பு' இன்னும் சுருக்கமாக இருக்கிறதே? தவிர, தாய் எது என்றொரு சிக்கல் உண்டு. 'ஹிந்து'வுக்குத் தாய் பாரசீகமா, 'சிந்து' என்ற வடமொழிச் சொல்லா? 1649 பெயர்ப்போ பிரெஞ்சு வழியாக வந்தது. கடன் கொடுத்த மொழிதான் தாய் என்றால், அல்கோரானுக்கு பிரெஞ்சு அல்லவா தாயாகிறது!

*

அம்மா, 'மூலம்' என்றதும் எனக்கு வைத்தியர் ஞாபகம்தான் வருகிறது, மன்னியுங்கள். விளையாட்டைத் தள்ளிவைத்தாலும் 'மீட்பு' எனக்கு உறுத்துகிறது. 'ஜெஹோவா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. யூதர்கள் அதை வாய்விட்டுச் சொல்லாமல் 'அதோனாய்' என்று வாசிப்பார்கள். அந்தச் சொல்லின் உயிர்க்குறிகளை இந்த மெய்களோடு சேர்த்துப் படித்ததில் பிறந்த வடிவம் ஜெஹோவா. அதை அறிஞர்கள் 'யாவே' என்று திருத்தினார்கள். அதுவும் ஆய்ந்து ஊகித்த ஒலிப்புதான். கிடைத்தே தீரும் என்று உறுதியில்லாததை மீட்பு என்பானேன்? திருத்தம் என்றால் முயற்சி மட்டும்தான், அவ்வளவு உரிமை போதும்.

தாய் எது என்ற கேள்வி நியாயமானது, நான் யோசிக்காமல் விட்டது. சொற்பிறப்பைத் தேடிப் போனால் முடிவே இராது. அந்தச் சமயத்தார் தாங்களே சொல்லும் ஒலி என்று வரையறையில் எழுதிவிடலாம். அப்போது குர்ஆனுக்கு பிரெஞ்சு குறுக்கே வராது, 'ஹிந்து'வும் சிந்து நதிவரை போக வேண்டியதில்லை.

பட்டியலுக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

தாயொலித் திருத்தம்: ஒரு சமயப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை, அச்சமயத்தார் வழங்கும் ஒலிக்கு நெருக்கமாக மாற்றி எழுதுதல். கா: கோரான் > குர்ஆன்.

'தாயொலி'யை விடச் சிறியதாக ஏதும் தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால் திங்களன்று ஏற்றிவிடுகிறேன்.