1:200 டைட்டானிக் மாடல் அணியம் (முன்முனை) வழியாக மூழ்காமல் பக்கவாட்டில் கவிழ்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பிளாஸ்டிக் கிட், நீளம் 134.5 செ.மீ., அகலம் 14.1 செ.மீ. உள்ளே 9 தடுப்புச் சுவர் ஒட்டி 10 அறைகளாகப் பிரித்திருக்கிறேன். வலப்பக்கத்தில் முதல் 5 அறைகளுக்கும் ஆளுக்கொரு 6 மி.மீ. ஓட்டை. சர்வோ (ரிமோட்டில் இயங்கும் சிறு மோட்டார்) இழுத்தால் ஐந்து அடைப்பும் கழன்றுவிடும். அடியில் 2.4 கிலோ ஈயம், மொத்த எடை 6.6 கிலோ. ஒவ்வொரு அறைக்கும் மேல்தளத்தின் நடுவில் 2 மி.மீ. காற்றுத் துளை.

இரண்டு சிக்கல். ஒன்று, 2 நிமிடத்துக்குள் வலப்பக்கம் சாய்ந்து கவிழ்கிறது. இரண்டு, கையால் நேராகப் பிடித்துக்கொண்டால் முன்பகுதி இறங்குகிறது, ஆனால் பின்பகுதி 15 செ.மீ. வெளியே நீட்டியபடி மிதந்துகொண்டே நிற்கிறது.

பதில் 1

எடை சரி. 52,310 டன் கப்பலை 200-இன் முப்படியால் வகுத்தால் ஏறக்குறைய 6.6 கிலோதான் வரும். ஓட்டைதான் பெரிது. 1912 விசாரணையில், கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் வைல்டிங் கணக்கிட்ட மொத்தத் திறப்பு சுமார் 12 சதுர அடி. 1:200-இல் அது வெறும் 28 சதுர மி.மீ. உங்களுடையது 141, ஐந்து மடங்கு! 28-ஐ ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.7 மி.மீ. விட்டம். நேரமும் அளவோடு சுருங்கும்: 2 மணி 40 நிமிடத்தை 200-இன் வர்க்கமூலமான 14.1-ஆல் வகுத்தால் 11 நிமிடம் சொச்சம். அதுதான் உங்கள் இலக்கு.

ஓட்டையைத் தொடும் முன் ஒரு சோதனை. அறைகள் காலியாக இருக்கும்போது மேல்தளத்தின் நடுக்கோட்டில் 50 கிராம் எடையை வையுங்கள். அதை 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, இரு பக்கத்து நீர்மட்டமும் எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

அளந்தேன், 8 மி.மீ.

பதில் 2

அப்படியானால் மெட்டாசென்டர் உயரம் (சாய்ந்தால் நிமிரும் திறனின் அளவு) 0.67 செ.மீ. தான். காலிக் கப்பலுக்கு இது போதும், நீர் ஏறிய கப்பலுக்குப் போதாது. உள்ளே புகுந்த நீர் சாயும் பக்கம் ஓடுகிறதே, அதன் விளைவு அறையின் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. உள்ளகலம் 13.5 செ.மீ. உள்ள பகுதியில் 40 செ.மீ. நீளத்துக்கு நீர் நின்றால் 1.2 செ.மீ. பறிபோகும். உங்களிடம் இருப்பதோ 0.67. கவிழாமல் என்ன செய்யும்? குறுக்குத் தடுப்புகளை எத்தனை கூட்டினாலும் இது குறையாது. நடுவில் நீளவாக்கில் சுவர் வைத்தால் கால் பங்காகக் குறையும், ஆனால் ஓட்டை உள்ள பக்கம் மட்டும் நிரம்பிச் சாய்ந்துவிடும்.

வழி இதுதான்: இரு பக்கச் சுவரிலும் 2.5 செ.மீ. தடிமன், 6 செ.மீ. உயரத்துக்கு நீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை ஒட்டுங்கள். நடுவில் 8.5 செ.மீ. அகலக் கிணறு மிஞ்சும். இழப்பு 0.3 செ.மீ.-க்கு இறங்கிவிடும். நான்காம் அறையிலிருந்து பின்னோக்கி 50 செ.மீ. ஒட்டினால் போதும். அணிய முனையில் கப்பலே குறுகலாகத்தான் இருக்கிறது. சாதாரண தெர்மாகோல் வேண்டாம், மணிகளுக்கு இடையே நீர் ஊறும். எப்பாக்ஸியில் ஒட்டுங்கள், உடனடிப் பசை நுரையை அரித்துவிடும்.

நுரை வந்ததும் 4, 5-ஆம் அறைகளின் கொள்ளளவு குறைந்துவிடும். அவற்றுக்கு மட்டும் 2.2 மி.மீ. ஓட்டை, மற்ற மூன்றுக்கும் 2.7.

பதில் 3

பின்பகுதி மிதப்பதற்குக் காற்றுத் துளையின் இடம்தான் காரணம். அணியம் இறங்கிச் சாயும்போது ஒவ்வொரு அறையிலும் உயரமான இடம் பின்சுவர் ஓரம். உங்கள் துளையோ நடுவில். அதற்குப் பின்னால் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. துளையைப் பின்சுவரை ஒட்டி, 5 மி.மீ. ஆகப் போடுங்கள். 2 மி.மீ. துளையில் நீர்ப்படலம் விழுந்தாலே அடைத்துக்கொள்ளும், பெயிண்டும் அடைக்கும். காற்றுக்குழாய் மாதிரிகளுக்கு அடியில் மறைத்தால் வெளியே தெரியாது.

தடுப்புகளை மேல்தளம் வரை ஒட்டியிருந்தால் நடுப்பகுதியில் உள்ளவற்றை வெட்டி, நீர்மட்டத்துக்கு மேல் 1.5 செ.மீ. மட்டும் விடுங்கள். நிஜக் கப்பலில் நடுத் தடுப்புகள் மேல்தளம் வரை போகாமல் ‘E’ தளத்தோடு நின்றதால்தான் நீர் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனது.

இன்னொன்று. கிட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05 தான். 3 கிலோ பிளாஸ்டிக் நீருக்குள் வெறும் 140 கிராம் கனம். மூழ்கடிப்பது ஈயம் மட்டுமே. மேலே சொன்ன நுரை 1.5 கிலோ தூக்கும், 2.4 கிலோ ஈயம் நீருக்குள் 2.2 கிலோ இழுக்கும். மிச்சம் 0.7 கிலோவும் பிளாஸ்டிக்கின் கனமும். பேட்டரிப் பெட்டியின் மிதப்பைக் கழித்தாலும் மூழ்கும், ஆனால் நுரையை இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. தொட்டியில் 1 மீட்டர் ஆழம்தான். போதுமா?

பதில் 2

போதாது. அணியம் தரையில் ஊன்றிக்கொண்டு பின்பகுதி மேலே நின்றுவிடும். 1.5 மீட்டராவது வேண்டும். பின்பகுதி அடிக்கட்டையில் நைலான் கயிறு கட்டி மறுமுனையில் ஒரு மிதவை போடுங்கள், தூக்க வசதி. விளக்கு வைத்திருந்தால், நிஜத்தில் மூழ்குவதற்குச் சுமார் 2 நிமிடம் முன் அணைந்தது. மாடலில் அது 8 விநாடி.