புதுப்பிப்பு: ஈ.ஓ.கியூ கணக்கில் 693 மூடை வந்த சிக்கல் தீர்ந்தது

போன கிழமை உதவிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: கம்பஸ் இறுதியாண்டு செயற்திட்டத்துக்காக, புறக்கோட்டையில் மாமாவின் பருப்புக் கடைக்கு ஒரு தடவையில் எத்தனை மூடை எடுத்தால் செலவு குறைவு என்று ஈ.ஓ.கியூ (EOQ, செலவு மிகக் குறையும் ஓடர் அளவைக் காணும் சூத்திரம்) போட்டேன். 693 வந்தது. மாமா சிரித்துவிட்டார்.

"அலகுகளைப் பாருங்கோ தம்பி" என்று ஒரு அக்கா எழுதியிருந்தாரே, அதுதான் சரி. தேவை வருடத்துக்கு 2,000 மூடை, ஓடர் செலவு தடவைக்கு 3,000 ரூபா. ஆனால் ஒரு மூடையை வைத்திருக்கும் செலவை மட்டும் மாதக் கணக்கில், 25 ரூபா என்று போட்டிருந்தேன். 12ஆல் பெருக்கி 300 ஆக்கியதும், 2 × 2,000 × 3,000 ÷ 300 = 40,000; வர்க்கமூலம் 200. எக்செல் சூத்திரத்தில் பிழை தேடிய இரண்டு இரவும் வீண்.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. கடைக்குப் பின்னாலுள்ள ஸ்டோரில் 150 மூடை அடுக்கினாலே மின்விசிறியில் முட்டும். மாமா எப்போதும் எடுப்பதும் அவ்வளவுதான். ஓடரும் வைத்திருப்பும் சேர்ந்த வருடச் செலவு 200க்கு 60,000 ரூபா, 150க்கு 62,500. வித்தியாசம் வெறும் 2,500! விரிவுரையாளர் இந்த ஒப்பீட்டையே தனி அத்தியாயமாக எழுதச் சொல்லிவிட்டார்.